நாற்றங்காலில் நற்சொல்

(ஊராட்சி உறுப்பினர் பயிற்சிக் கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் ஆற்றிய உரை)



வாய்க்கால், சாலை, விதை, உரம் ஆகியவற்றைப் பற்றியே இத்தகைய கூட்டங்களில் பெரும்பாலும் பேசுகிறோம். இன்று நம் குழந்தைகளின் பேச்சைப் பற்றிச் சில கூற விரும்புகிறேன். நாற்றங்காலில் விட்ட குறை நடவு வயலில் தெரியும் என்பதைத் தாங்கள் அறிவீர்கள். பிள்ளைப் பருவத்துப் பேச்சும் அத்தகையதே.

இன்சொல் நமக்குப் புதிதன்று. 'இனியவை கூறல்' என்று ஓர் அதிகாரமே வகுத்தார் வள்ளுவர். விடைபெறும்போது 'போகிறேன்' என்னாமல் 'போய் வருகிறேன்' என்கிறோம். விளக்கை 'அணை' என்னாமல் 'குளிர வை' என்கிறோம். இலக்கணம் இதனை மங்கல வழக்கு என்னும். விளக்குக்கும் மரியாதை தந்த இதே தஞ்சைத் தரணியில்தான், நரைத்த தலையுடன் வயலில் நின்ற பண்ணையாளைப் பண்ணை வீட்டுச் சிறுவன் 'அடே' என்று அழைத்தான். அப்பெரியவரோ அச்சிறுவனைச் 'சின்ன ஐயா' என்றார்.

1940-களில் பி. சீனிவாசராவ் போன்றோர் உழவுத் தொழிலாளரைத் திரட்டியபோது, கூலியோடு மானமும் அவர்களது கோரிக்கையாக இருந்தது. 1952-ஆம் ஆண்டில் வந்த தஞ்சைப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம், தக்க காரணமின்றி ஆளை நீக்குவதைத் தடுத்தது. கூலிக்கும் வரையறை செய்தது. 1989-ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், தாழ்த்தப்பட்டோரையும் பழங்குடியினரையும் பொதுவிடத்தில் இழிவுபடுத்துவதைக் குற்றமாக்கியது. சட்டம் வசையைத் தண்டிக்கும். மரியாதையை நாவில் விதைக்க அதனால் இயலாது. அப்பணி வீட்டைச் சேர்ந்தது.

குழந்தை புத்தகத்தைப் பார்த்துப் பேசக் கற்பதில்லை. நம்மைப் பார்த்தே கற்கிறது. உறவினர் வந்தால் 'வாங்க' என்றும், நடவுக்கு வந்த மூதாட்டியை 'வா' என்றும் தந்தை அழைத்தால், மரியாதை வயதுக்கன்று, வசதிக்கே உரியது என்ற பாடத்தைக் குழந்தை அன்றே படித்துவிடுகிறது. பிறகு எத்தனை நீதிநூல்களை மனப்பாடம் செய்வித்தாலும் பயன் சிறிதே.

ஆகவே, வீட்டில் சில பழக்கங்களைக் கைக்கொள்ளுமாறு வேண்டுகிறேன். வயலுக்கு வரும் பெரியவர்களைத் தாத்தா, பாட்டி, மாமா, அக்கா என்று முறை சொல்லி, 'வாங்க, உட்காருங்க' என்று அழைக்கப் பிள்ளைகளைப் பழக்குங்கள். முதலில் தாங்களே அவ்வாறு அழையுங்கள். ஒருவர் பேசி முடிக்கும்வரை காத்திருக்கச் சொல்லுங்கள். பிறர் உடற்குறையையோ திக்குவாயையோ பார்த்துக் குழந்தை நகையாடினால், அதனைச் சுட்டித்தனம் என்று ரசியாதீர்கள். தவறு செய்த பிள்ளையையும் இழிசொல்லால் திட்டாதீர்கள். அச்சொல் நாளை அவன் தம்பிமேல் விழும்.

இன்னொன்றும் உண்டு. பணிவு வேறு, அச்சம் வேறு. தொழிலாளியின் குழந்தை தலைகுனிந்து முணுமுணுப்பது பணிவாகாது. நிமிர்ந்து நின்று, முகம் பார்த்து, தெளிவாக விடை சொல்ல அக்குழந்தைக்கும் கற்பிக்க வேண்டும். 1956-இல் காமராசர் காலத்தில் தொடங்கிய மதிய உணவுத் திட்டம், எல்லாத் தெருப் பிள்ளைகளையும் ஒரே பந்தியில் அமர்த்த வழி செய்தது. ஒரே பந்தியில் உண்பவர்க்கு ஒரே மரியாதைச் சொல்லும் வேண்டாமா?

ஊராட்சி உறுப்பினர்களுக்குத் தனியே ஒரு வேண்டுகோள். 2016-ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம் உள்ளாட்சிப் பதவிகளில் பாதியைப் பெண்களுக்கு ஒதுக்கியது. கிராம சபையில் ஒரு பெண் உறுப்பினர் எழுந்து பேசும்போது குறுக்கே கூவுகிறோமா, கேட்டுப் பின் விடை சொல்கிறோமா என்பதை ஓரத்தில் நிற்கும் சிறுவர்கள் கவனிக்கிறார்கள். தனித் தொகுதியில் வென்ற தலைவரைத் 'தலைவர் அவர்களே' என்று அனைவரும் அழைக்கும் சபையே அவர்களுக்குச் சிறந்த பள்ளி.

இதற்குத் திட்ட மதிப்பீடு வேண்டுவதில்லை. மானியத்திற்குக் காத்திருக்கவும் வேண்டுவதில்லை. நாளைக் காலை களத்துமேட்டுக்கு வரும் முதல் தொழிலாளியிடம் 'வாங்க' என்று சொல்லித் தொடங்கலாம். அருகில் நிற்கும் பிள்ளை கேட்டுக்கொள்ளும்.