பிள்ளைக்கு ஒரு மணி நேரம்

(தோட்டத்துப் பெற்றோர் கூட்டத்தில் பேசியது)



2020இல் கொரோனாவால் பள்ளிக்கூடம் பூட்டினப்போ, பாடத்துக்கென்று கடன்பட்டு போன் வாங்கினீர்கள். பள்ளிக்கூடம் எப்போதோ திறந்தாச்சு. போன் மட்டும் பிள்ளை கையை விட்டு இறங்கவில்லை.

5 முதல் 17 வயது வரை நாளொன்றுக்குச் சராசரி 60 நிமிஷமாவது மூச்சு வாங்க ஓடியாட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். 2 வயது நிரம்பாத குழந்தைக்கு போனும் டீவியும் வேண்டவே வேண்டாம். 2 முதல் 4 வரை ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகாது.

"மேடு ஏறித்தானே பள்ளிக்கூடம் போகுது?" என்பீர்கள். நல்லது, அதுவும் கணக்கில் சேரும். ஆனால் பொம்பிளைப் பிள்ளையை யோசியுங்கள். பெரியவளானதும் விளையாட்டு நின்றுபோகிறது. தம்பி மைதானத்துக்கு, அக்கா அடுப்படிக்கு! அவள் எலும்பும் இந்த வயதில்தானே உரம் பிடிக்கிறது?

இதற்குக் காசு வேண்டாம். லயத்து வாசலில் கயிறடிக்கலாம், கிளித்தட்டு விளையாடலாம். பெரியவர் ஒருவர் முறைவைத்து இஸ்தோப்பில் இருந்து பார்த்துக்கொள்ளட்டும். படுக்கும் முன் போன் அம்மா கைக்கு வரட்டும்.

நாளைக்கே தொடங்குவோம்.