வைட் தீவின் சிவப்பு ரயில்

இன்றைக்கு நாம் இங்கிலாந்தின் தென்கரைக்குப் போகிறோம். லண்டன் வாட்டர்லூ நிலையத்தில் ஏறினால் போர்ட்ஸ்மத் துறைமுகத்தோடு தண்டவாளம் முடிந்துவிடும். அதற்கு அப்பால் சோலன்ட் என்னும் கடற்கால்வாய். ரயில் நிலையத்தை ஒட்டியே படகுத்துறை இருக்கிறது. விரைவுப் படகில் ஏறி உட்கார்ந்தால் ஏறத்தாழ 22 நிமிடம். அக்கரையில் பச்சையாக நீண்டு கிடப்பதுதான் வைட் தீவு.

படகு நேராகக் கரைக்குப் போய்விடாது. அக்கரையில் உள்ள ரைட் என்ற ஊருக்கு முன்னால் கடலுக்கு ஆழம் இல்லை. நீர் வற்றும் நேரத்தில் அரை மைல் தூரத்துக்கு ஈர மணலும் சேறும்தான். பழைய நாளில் வந்திறங்கியவர்கள் குதிரை வண்டியிலோ, ஆள் முதுகிலோ, அதுவும் கிடைக்காவிட்டால் சேற்றில் நடந்தோதான் கரை சேர வேண்டும். அந்தத் தொல்லைக்குத் தீர்வாகத்தான் 1814-ல் கடலுக்குள் ஒரு மரப்பாலத்தை நீட்டிக் கட்டினார்கள். பிறகு நீட்டி நீட்டி இன்று அது 700 மீட்டருக்குச் சற்று கூடுதலாக நிற்கிறது. 1880-ல் அதற்கு இணையாக ரயிலுக்கென்றே இன்னொரு பாலம் வந்தது. அந்தப் பாலத்தின் நுனியில், சுற்றிலும் அலையடிக்க, ஒரு ரயில் நிலையம். ரைட் பியர் ஹெட் என்று பெயர். படகிலிருந்து இறங்கி நாலடி வைத்தால் பிளாட்பாரம்.

2021 ஜனவரி வரை அந்தப் பிளாட்பாரத்தில் எந்த வண்டி நின்றது தெரியுமா? லண்டன் மாநகரின் பாதாள ரயில். பூமிக்குள் குழாய் போன்ற சுரங்கத்தில் ஓடுவதற்கென்று செய்த வண்டி. குட்டையான உருவம், வளைந்த கூரை, முனை மழுங்கிய ஜன்னல்கள், அடர்ந்த சிவப்பு வர்ணம். வெயிலையே பார்க்காமல் ஓடப் பிறந்த அந்த வண்டி இங்கே கடற்காற்றில், நீர்க்காகங்களுக்கு நடுவில் நின்றுகொண்டிருந்தது. இரண்டே பெட்டி. வயது எண்பதுக்கு மேல். அது கண்காட்சிக்கு வைத்த வண்டி அல்ல, நேயர்களே. பள்ளிக்கூடப் பிள்ளைகளும், போர்ட்ஸ்மத்தில் வேலை பார்க்கிறவர்களும், சந்தைப் பையோடு வருகிற பாட்டிமார்களும் அன்றாடம் ஏறி இறங்கிய வண்டி. அதுதான் என்னை அந்தத் தீவுக்கு இழுத்தது.

அந்த வண்டி அங்கே எப்படி வந்தது? காரணம் ரைட் ஊரின் அடியில் இருக்கிறது. கடற்கரைச் சாலையை ஒட்டிய எஸ்பிளனேட் நிலையத்தைத் தாண்டியதும் ரயில் ஒரு சின்னச் சுரங்கத்துக்குள் நுழைகிறது. நீளம் 400 மீட்டர்கூட இல்லை. ஆனால் கடல் மட்டத்தோடு ஒட்டிக் கிடக்கிறது. கடல் ஏறும்போது மழையும் பிடித்துக்கொண்டால், ஊருக்குள் ஓடிவரும் மாங்டன்மீட் ஓடை கடலில் வடிய முடியாமல் சுரங்கத்துக்குள் புகுந்துவிடும். 1960-களில் பாதையை மின்மயமாக்கியபோது, வெள்ளத்தைச் சமாளிக்கத் தண்டவாளத்தை மேலே தூக்கிப் போட்டார்கள். தரை உயர்ந்ததும் கூரை தாழ்ந்தது. நம் ஊர்ப் பழைய வீடுகளில் தலை குனிந்து நுழைய வேண்டிய நிலைவாசல் மாதிரி ஆகிவிட்டது அந்தச் சுரங்கம். பிரிட்டனின் சாதாரண ரயில் பெட்டி எதுவும் உள்ளே போகாது. மூன்று மீட்டருக்கும் குறைந்த உயரம் கொண்ட பாதாள ரயிலோ தாராளமாகப் போகும்.

தீவின் ரயில் வலைப்பின்னலில் பெரும்பகுதியை 1966-க்குள் மூடிவிட்டார்கள். அந்த ஆண்டின் கடைசி நாளோடு நீராவி வண்டியும் நின்றது. மிஞ்சியது ரைட்டிலிருந்து ஷாங்க்ளின் வரை எட்டரை மைல். 1967 மார்ச்சில் அதில் மின்ரயில் ஓடத் தொடங்கியது. முதலில் வந்தவை லண்டனில் 1923-க்கும் 1934-க்கும் இடையில் செய்த பெட்டிகள். வந்தபோதே அவற்றுக்கு முப்பது, நாற்பது வயது. உப்புக் காற்றில் இன்னும் இருபது ஆண்டுக்கு மேல் உழைத்துத் தேய்ந்தன. அவற்றின் இடத்துக்கு 1989 ஜூலையில் வந்து சேர்ந்தவைதாம் நான் சொல்லும் சிவப்பு வண்டிகள், 1938-ஆம் ஆண்டு ரகம்.

இந்த ரகத்தைப் பற்றி நின்று நிதானமாகச் சொல்ல ஆசைப்படுகிறேன். அதுவரை லண்டன் பாதாள ரயிலில் ஓட்டுநர் அறைக்குப் பின்னால் ஒரு பெரிய அறை முழுக்க மின்கருவிகளே அடைத்துக்கொண்டிருக்கும். பயணிகளுக்கு அந்த இடம் இல்லை. பொறியாளர் கிராஃப்-பேக்கரும் அவரோடு வேலை செய்தவர்களும் அந்தக் கருவிகள் அத்தனையையும் சிறிதாக்கி, பெட்டியின் தரைக்கு அடியில் தொங்கவிட்டார்கள். மேலே முழுப் பெட்டியும் பயணிகளுக்குக் கிடைத்தது. அப்படி 1,100-க்கும் மேற்பட்ட பெட்டிகள் பர்மிங்ஹாம் வட்டாரத்தில் உருவாயின. அவை ஓடத் தொடங்கிய அடுத்த ஆண்டே உலகப் போர். 1940-ல் லண்டன் மீது குண்டு விழுந்த இரவுகளில் ஜனங்கள் பாதாள நிலையங்களின் பிளாட்பாரங்களில் போர்வை விரித்துப் படுத்தார்கள். அவர்களுக்குப் பக்கத்தில் வந்து நின்று புறப்பட்ட வண்டிகளில் இந்த ரகமும் உண்டு.

1988 மே மாதம் லண்டனில் கடைசி வண்டிக்கும் ஓய்வு கொடுத்தார்கள். அதாவது ஐம்பது வயதில். அந்த வயதில் ரயில் பெட்டிக்கு வழக்கமாகக் கிடைப்பது இரும்புக் கடைதான். ஆனால் இவற்றில் ஒன்பது ஜோடியைத் தேர்ந்தெடுத்துப் பழுது பார்த்துத் தீவுக்கு அனுப்பினார்கள். லண்டனில் மின்சாரம் வருவதற்கு ஒரு தண்டவாளம், திரும்புவதற்கு இன்னொன்று என்று மொத்தம் நான்கு இருக்கும். தீவில் மூன்றுதான். சக்கரம் ஓடும் தண்டவாளம் வழியாகவே மின்சாரம் திரும்பிவிடும். அதற்கேற்ப வண்டியின் அடிவயிற்று இணைப்புகளை மாற்றினார்கள். அதன் பிறகு அந்த வண்டிகள் ஓடியது இன்னும் முப்பத்தோரு ஆண்டு!

சரி, அந்த வண்டி ஓடிய நாளுக்குக் கற்பனையில் திரும்பிப் போய் ஏறுவோம் வாருங்கள். காற்றழுத்தத்தில் கதவு 'ஸ்ஸ்' என்று சாத்திக்கொள்கிறது. கார்டு மணி கொடுக்கிறார். தரைக்கு அடியில் மோட்டார் முதலில் ஆழ்ந்த குரலில் முனகி, வேகம் கூடக் கூடச் சுருதி ஏற்றிக்கொண்டே போகிறது. பாலத்தின் பலகைக்குக் கீழே கடல். தண்ணீர் வற்றிய நேரமானால் மணலில் நாய்களோடு உலாவுகிறவர்களைப் பார்க்கலாம். எஸ்பிளனேடில், சவுத்சீயிலிருந்து வரும் காற்றுமெத்தைப் படகு இரைந்துகொண்டே தண்ணீரிலிருந்து கரைமேல் ஏறி வந்து நிற்கும். பிறகு சுரங்கம். சில நொடிகளுக்கு அந்த வண்டி தான் பிறந்த இருட்டுக்குள் போய் வருகிறது. வெளியே வந்ததும் செயின்ட் ஜான்ஸ் ரோடு. அங்கேதான் பணிமனை.

அதன் பிறகு வயலும் மரங்களும். தண்டவாளம் பழசு, வண்டியும் பழசு. எனவே இருக்கையின் ஸ்பிரிங் ஆளைத் தூக்கித் தூக்கிப் போடும். கையில் தேநீர்க் கோப்பையோடு உட்கார முடியாது. குழந்தைகளுக்கு அது ஒரே கொண்டாட்டம். ஸ்மால்புரூக் சந்திப்பு, பிரேடிங், சாண்டவுன், லேக் என்று ஒவ்வொன்றாகக் கடந்து ஷாங்க்ளினில் இறங்கினால், நடக்கும் தூரத்தில் செம்மண் நிறப் பாறைச் சரிவும் நீண்ட மணற்கரையும்.

இவ்வளவு காலம் ஓடியது எந்த மந்திரத்தாலும் அல்ல. அந்தச் சிறிய பணிமனையில் வேலை பார்த்தவர்கள்தான் ஓட்டினார்கள். பாகம் செய்து தரத் தொழிற்சாலை இல்லாத வண்டி. நின்றுபோன வண்டியிலிருந்து கழற்றி, ஓடுகிற வண்டியில் பூட்டினார்கள். அதனால் ஒன்பது ஜோடி ஏழாகி, ஐந்தாகிக் குறைந்துகொண்டே வந்தது. கடைசிக் காலத்தில் சில நாட்களில் ஓடும் நிலையில் இருந்தது ஒரே வண்டிதான். அதை நம்பித் தீவு மக்கள் படகைப் பிடிக்க வேண்டும். பழைய வண்டி என்றால் எனக்கு உயிர். ஆனாலும் வேலைக்குப் போகிறவரைக் காத்து நிற்கவைக்கும் நிலை வந்தபின், அந்த வண்டிக்கு ஓய்வு தருவதுதான் அதற்குச் செய்யும் மரியாதை என்று நினைக்கிறேன்.

2021 ஜனவரி 3-ஆம் தேதி கடைசி ஓட்டம். கொரோனாக் காலம் என்பதால் திருவிழாக் கூட்டம் கூடி வழியனுப்ப வழியில்லாமல் போனது. பிறகு பத்து மாதம் போலப் பாதையை மூடி, தண்டவாளத்தைச் செப்பனிட்டு, பிரேடிங்கில் வண்டிகள் எதிர்ப்பட்டு விலகிச் செல்லும் இரட்டைப் பாதையை மீண்டும் போட்டார்கள். அது இல்லாத நாளில் ஒரு வண்டி போய் இருபது நிமிடத்தில் அடுத்தது வரும், அதற்கடுத்தது வர நாற்பது நிமிடம் ஆகும். இப்போது அரை மணிக்கு ஒன்று என ஒழுங்காக ஓட முடிகிறது. நவம்பர் 1-ஆம் தேதி புது வண்டிகள் ஓடத் தொடங்கின. புது வண்டி என்றாலும் இவையும் லண்டன் பாதாள ரயிலின் டிஸ்ட்ரிக்ட் பாதையில் 1980 வாக்கில் ஓடத் தொடங்கிய பெட்டிகளே. உடம்பைச் சீராக்கி, புது மோட்டார் பொருத்தி அனுப்பியிருக்கிறார்கள். இவற்றுக்கும் இப்போது நாற்பது தாண்டிவிட்டது.

சிவப்பு வண்டிகளில் ஒரு ஜோடி அதே தீவின் நீராவி ரயில்வேயிடம் போய்ச் சேர்ந்தது. அந்த ரயில்வேயைப் பார்க்க விரும்புகிறவர்கள் ஸ்மால்புரூக் சந்திப்பில் இறங்குங்கள். அந்த நிலையத்துக்குச் சாலையே கிடையாது. ரயிலில் வந்து ரயிலில்தான் போக வேண்டும். அங்கிருந்து நீராவி வண்டி ஹேவன்ஸ்ட்ரீட் வழியாகப் போகும். 1891-ல் பிறந்த கால்போர்ன் என்ற எஞ்சினின் வீடு அதுதான். 1938 ரகம் தண்டவாளத்தில் ஓடுவதைக் கண்ணால் பார்க்க வேண்டுமென்றால், லண்டன் போக்குவரத்து அருங்காட்சியகம் நான்கு பெட்டி கொண்ட ஒரு வண்டியைப் பழைய அலங்காரத்தோடு காப்பாற்றி வைத்திருக்கிறது. ஆண்டில் சில நாட்கள் மட்டும் அதைப் பாதைக்குக் கொண்டுவருவார்கள். சீட்டை முன்கூட்டியே வாங்கிவிடுங்கள்; சீக்கிரம் தீர்ந்துவிடும்.