பூச்சியமும் வெற்றிடமும்



திருப்பதியின் தொலைபேசிக் குறியீடு 0877. சித்தூரின் குறியீடு 08572. இவை எண்களா, எழுத்துகளா? கண்ணுக்கு எண்களாகவே தோன்றும். ஆயினும் எவரும் இவற்றைக் கூட்டுவதில்லை, கழிப்பதில்லை. எண்ணென்று கொண்டால் முன்னிற்கும் பூச்சியத்துக்கு மதிப்பில்லை, அது உதிர்ந்துவிடும். அது உதிர்ந்தால் வெளியூரிலிருந்து அழைப்பவர்க்குத் தொடர்பு கிட்டாது. ஆகவே இவை எண் வடிவில் நிற்கும் எழுத்துச் சரங்களே. இவ்வேறுபாட்டைக் கணிப்பொறிக்கு உணர்த்துவது எங்ஙனம் என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

இணையப் பக்கங்களை இயக்கும் மொழிகளுள் ஒன்று பி.எச்.பி. ராஸ்மஸ் லெர்டார்ஃப் என்பவர் 1995இல் வெளியிட்டது. அதில் செய்தியை இட்டுவைக்கும் கலத்துக்கு ‘மாறி’ என்று பெயர். முழு எண், பின்ன எண், எழுத்துச் சரம், மெய்-பொய், பட்டியல் முதலிய வகைகள் அதில் இடம்பெறலாம். இன்ன கலத்தில் இன்ன வகையே இருத்தல் வேண்டும் என்று அம்மொழி பொதுவாக வற்புறுத்துவதில்லை; சூழலை நோக்கித் தானே வகையை மாற்றிக்கொள்ளும். திருப்பதியின் அஞ்சல் குறியீட்டெண்ணாகிய 517501ஐச் சரமாக அளித்து, அதனோடு 1 கூட்டச் சொன்னால் 517502 என்னும். உலாவியில் இயங்கும் ஜாவாஸ்கிரிப்டோ இரண்டையும் ஒட்டி 5175011 என்னும்!

நம் இலக்கணம் அறிந்தவர்க்கு இது புதிதன்று. திணை, பால், இடம், காலம், வினா, விடை, மரபு என ஏழு வகை வழுக்களைக் கூறும் நன்னூல். ‘அவன் வந்தது’ என்பது திணைவழு. ஆனால் வீட்டுப் பசுவை அன்பினால் ‘இலட்சுமி வந்தாள்’ என்றால் அது வழுவமைதி. அங்கே பேசுவோர் உள்ளம் காரணமாய் நிற்கிறது. பொறி செய்யும் வழுவமைதிக்கோ உள்ளம் இல்லை. விதி மட்டுமே உண்டு.

அவ்விதி என்ன செய்யும் என்பதை நான் நேரிற் கண்டேன். ஓர் அலுவலகத்தின் இணைய விண்ணப்பத்துக்கு வேண்டிய தமிழ் வாசகங்களை நான் எழுதிக் கொடுத்திருந்தேன். சித்தூர்ப் பக்கத்து அம்மையார் ஒருவர், கணவரை இழந்தவர், மகளின் கல்வி உதவித்தொகைக்கு அதில் விண்ணப்பித்தார். ஆண்டு வருமானம் என்ற இடத்தில் உள்ளபடியே 0 என்று எழுதினார். ‘இவ்விடத்தைத் தாங்கள் நிரப்பவில்லை’ என்று பொறி திருப்பிவிட்டது. மூன்று முறையும் அதுவே மறுமொழி. கடைசி நாளுக்கு முந்திய மாலை என் மேசைக்கு வந்து, “ஐயா, இல்லாததை இல்லை என்றுதானே எழுதினேன்?” என்றார். அந்த மறுப்பு வாசகம் நான் எழுதியது. தலைகுனிந்தேன்.

குற்றம் இதுவே. பி.எச்.பி.யில் ‘எம்ப்டி’ என்னும் சோதனை, ஒன்றும் எழுதாத வெற்றுச் சரத்தையும் ‘0’ என்னும் சரத்தையும் ஒன்றாகவே கருதும். அதை நீக்கி, ‘இது வெற்றுச் சரந்தானா?’ என்று முதலில் வினவி, ‘எண்ணாகக் கொள்ளத்தக்கதா?’ என்று அடுத்து வினவும்படி நிரலர் அன்றிரவே திருத்தினார். மறுநாள் விண்ணப்பம் ஏறியது.

சமன் பார்ப்பதிலும் இத்தகைய இடர் உண்டு. இரட்டைச் சமக்குறி இட்டால் 0877, 877 என்னும் இரு சரங்களும் ஒன்றென்றே விடை வரும். இரண்டும் எண்ணாக மாற்றி ஒப்பிடப்படும். மூன்று சமக்குறி இட்டால் வகையும் மதிப்பும் மாற்றமின்றி ஒப்பிடப்படும்; இரண்டும் வேறென்று விளங்கும். 2015இல் வந்த ஏழாம் பதிப்பு, எண், சரம் முதலிய வகைகளை முன்னரே அறிவிக்க வழிசெய்தது. 2020இல் வந்த எட்டாம் பதிப்பு, பூச்சியமும் எண்ணல்லாத சொல்லும் சமம் என்ற பழைய விந்தையை ஒழித்தது. எனினும் ‘எம்ப்டி’யின் இயல்பு மாறவில்லை.

பிற மாநிலங்களில் வாழும் நாம் நாள்தோறும் எத்தனையோ படிவங்களை நிரப்புகிறோம். பொறி மறுத்தவுடன் பிழை நம்முடையதே என்று ஒதுங்க வேண்டா. படிவம் அமைப்போரும் ஒன்றை நினைவிற்கொள்ள வேண்டும்: விடை இல்லாமை வேறு; ‘இல்லை’ என்னும் விடை வேறு.