திரையின் நிறம் சரிதானா?

(உயர்தொழில்நுட்ப ஆய்வகப் பொறுப்பாசிரியர்களுக்கான பயிற்சியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நம் பள்ளிகளில் கரும்பலகைக்குப் பக்கத்தில் இன்று திரையும் இடம்பிடித்துவிட்டது. வகுப்பறையில் காணொலி காட்டுகிறோம்; ஆய்வகத்தில் கணினிவழித் தேர்வு நடத்துகிறோம். ஒரே படத்தை எல்லாக் கணினிகளிலும் திறந்துவைத்துவிட்டு, வரிசையின் ஒரு கோடியில் நின்று பாருங்கள். ஒன்றில் இளம்பச்சை, அடுத்ததில் மஞ்சள் சாய்ந்த பச்சை, இன்னொன்றில் வெளிறிய பச்சை. "படத்தில் உள்ள நிறம் எது?" என்ற வினாவுக்கு மாணவர் தரும் விடை, அவர் உட்கார்ந்த இடத்தைப் பொறுத்து மாறலாமா?

கணினி திரைக்கு அனுப்புவது எண்களை மட்டுமே. ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று எண்கள். ஒவ்வொன்றும் 0 முதல் 255 வரை. இவற்றைக் கொண்டு 1 கோடியே 67 லட்சத்துக்கும் மேற்பட்ட நிறங்களைக் குறிக்கலாம். அந்த எண்களை ஒளியாக்குவது திரையின் வேலை. எந்த எண்ணுக்கு எந்த நிறம் என்பதற்கு 'எஸ்.ஆர்.ஜி.பி.' என்ற பன்னாட்டுத் தரம் 1999-ஆம் ஆண்டிலேயே வந்துவிட்டது. நம் திரையை அந்தத் தரத்துக்கு நெருக்கமாகக் கொண்டுவருவதுதான் நிற அளவுத்திருத்தம். தராசின் முள்ளைப் பூச்சியத்தில் நிறுத்திவிட்டு எடை போடுகிறோம் அல்லவா, அதைப் போன்றதே இதுவும்.

"பார்க்க நன்றாகத்தானே இருக்கிறது?" என்று சிலர் கேட்கலாம். நம் கண்ணை மட்டும் நம்ப முடியாது. வேப்பமரத்து நிழலிலும் வெள்ளை வேட்டி வெள்ளைதான். மஞ்சள் விளக்கின் கீழும் வெள்ளைதான். சுற்றியுள்ள ஒளிக்கேற்பக் கண் தன்னைச் சரிசெய்துகொள்கிறது. நீலம் கூடிய திரையையும் சிறிது நேரத்தில் அது பழகிவிடும்.

பாடத்தில் இது எங்கே இடறும்? பெர்மாங்கனேட் தரம்பார்த்தலின் முடிவுநிலை, நிலைத்து நிற்கும் வெளிர் இளஞ்சிவப்பு. கான்ட்ராஸ்ட் அதிகமாக உள்ள திரையில் அது வெள்ளையாகிவிடும். முடிவுநிலையைக் காணாத மாணவர், ஆய்வகத்தில் அடர்சிவப்பு வரும்வரை சொட்டுச் சொட்டாக ஊற்றிக்கொண்டே இருப்பார். சுடர் சோதனையில் கால்சியத்தின் செங்கற்சிவப்பும் ஸ்ட்ரான்சியத்தின் கருஞ்சிவப்பும் ஒன்றாகத் தெரியும். இயற்கை அமைப்பு வரைபடத்தில் சமவெளியின் பச்சையும் மேட்டுநிலத்தின் மஞ்சளும் கலந்துவிடும்.

இனி, செய்ய வேண்டியவை.

முதலில், திரையை அரைமணி நேரம் இயங்கவிடுங்கள். தூசியை மென்மையான உலர்துணியால் துடையுங்கள். சன்னல் வெளிச்சம் நேராகத் திரையில் விழக்கூடாது.

இரண்டாவது, இரவு ஒளி வசதியை அணையுங்கள். அது திரையை மஞ்சளாக்கும். திரையின் பொத்தானை அழுத்தினால் வரும் பட்டியலில் விவிட், டைனமிக் போன்ற தேர்வுகள் இருந்தால் அவற்றைத் தவிர்த்து, எஸ்.ஆர்.ஜி.பி. அல்லது ஸ்டாண்டர்டு என்பதைத் தேர்ந்தெடுங்கள். நிற வெப்பநிலை 6500 கெல்வின் என இருக்கட்டும்.

மூன்றாவது, சோதனைப் படம் ஒன்றை நீங்களே தயாரியுங்கள். கருப்புப் பின்னணியில் மூன்று எண்களும் 10, 20, 30 என அமைந்த மூன்று கட்டங்கள். வெள்ளைப் பின்னணியில் 250, 245, 240 என மூன்று கட்டங்கள். நடுவில் 128 கொண்ட சாம்பல் கட்டம். கருப்பில் உள்ள முதல் கட்டம் மங்கலாகவேனும் தெரிய வேண்டும். வெள்ளையில் உள்ள கட்டங்கள் மறைந்தால் கான்ட்ராஸ்டைக் குறையுங்கள். சாம்பல் கட்டத்தில் நீலமோ சிவப்போ சாயல் தெரிந்தால் அந்த நிறத்தின் அளவைக் குறையுங்கள். வெறும் வெள்ளைப் பக்கத்தைத் திறந்து, பக்கத்தில் ஒரு வெள்ளைத்தாளைப் பிடித்து, இரண்டும் ஏறத்தாழ ஒரே வெளிச்சமாகத் தெரியும்படி பிரைட்னஸை வையுங்கள்.

விண்டோஸ் கணினியில் 'கேலிபிரேட் டிஸ்ப்ளே கலர்' என்று தேடினால், படிப்படியாக வழிகாட்டும் கருவி கிடைக்கும். திரைமேல் தொங்கவிட்டு ஒளியை அளக்கும் கலோரிமீட்டர் இதைவிடத் துல்லியமானது. அச்சகங்களுக்கு அது தேவை. நம் வகுப்பறைக்கு இந்த எளிய முறை போதும். ஒருமுறை செய்தபின் அளவுகளைத் தாளில் எழுதித் திரையின் பின்புறம் ஒட்டிவிடுங்கள். மாணவர்களையே குழுவாகச் செய்யவிட்டால் அதுவே நல்லதொரு கணினிப் பாடம்.

வீழ்த்தியில், அதாவது புரொஜெக்டரில், சுவரும் திரையின் ஒரு பகுதி. இளமஞ்சள் சுவர் நீல ஒளியை விழுங்கும். நீலம் கலந்து அடித்த சுண்ணாம்புச் சுவர் வெள்ளையைக் குளிராகக் காட்டும். வீழ்த்தியால் கருப்பை உண்டாக்க முடியாது. ஒளி படாத சுவரின் நிறம்தான் அதன் கருப்பு. எனவே சன்னலை மூடுவதே முதல் திருத்தம்.

எவ்வளவு திருத்தினாலும் திரைக்கு எல்லை உண்டு. வானவில்லின் ஊதாவைத் திரை தனியாக உண்டாக்குவதில்லை; நீலத்தோடு சிறிது சிவப்பைக் கலந்து ஒப்பேற்றுகிறது. நம் ஊர்களில் நீலத்தையே ஊதா என்று சொல்லும் வழக்கமும் உண்டு. இந்தப் பாடத்துக்குத் திரையை நம்பாமல், முப்பட்டகத்தையோ பழைய குறுந்தகட்டையோ வெயிலில் பிடித்து, சுவரில் விழும் நிறங்களைக் காட்டுங்கள்.

இறுதியாக, மிக முக்கியமான ஒன்று. நிறக்குறைபாட்டைக் கண்டறிய இஷிஹாரா தட்டுகள் பயன்படுகின்றன. ஜப்பானியக் கண் மருத்துவர் ஷினோபு இஷிஹாரா 1917-இல் வெளியிட்டவை இவை. அச்சிட்ட அட்டைகளாக, பகல்வெளிச்சத்துக்கு ஒப்பான ஒளியில் பார்க்கவே அவை உருவாக்கப்பட்டன. செல்பேசியில் அப்படத்தைக் காட்டிவிட்டு, "உனக்கு நிறம் தெரியவில்லை" என்று எந்தக் குழந்தையிடமும் சொல்லிவிடாதீர்கள். பிழை திரையிலும் இருக்கலாம். உண்மையாகவே ஐயம் இருந்தால், வகுப்பில் எல்லார் முன்னும் சோதிக்காமல், பெற்றோரிடம் தனியே சொல்லிக் கண் மருத்துவரிடம் அனுப்புங்கள். அதுவரை உங்கள் வரைபடங்களில் நிறத்தோடு எழுத்துக் குறியும் கோட்டு வடிவமும் சேருங்கள். நிறம் பிரித்தறிய முடியாத குழந்தைக்கும் அது உதவும்; மங்கிய திரைக்கு முன் அமர்ந்த குழந்தைக்கும் உதவும்.

அடுத்த முறை ஒரு மாணவர் நிறத்தைத் தவறாகச் சொன்னால், சிவப்பு மையைத் தொடுமுன் எழுந்து சென்று, அவர் இருக்கையில் அமர்ந்து, அவர் பார்த்த திரையைப் பாருங்கள்.