கம்பி போவது நம் வயலில், கணக்கு போடுவது யார்?

(அஸ்தினாபுரம் விளக்கக் கூட்டத்தில் சங்கச் செயலாளர் ஆற்றிய உரை)

 

மதுராந்தகம், திருக்கழுக்குன்றம், உத்திரமேரூர் பக்கத்திலிருந்து பஸ் பிடித்து, தாம்பரத்தில் இறங்கி இங்கே வந்திருக்கிறீர்கள். செம்பாக்கம் ஏரியும் சிட்லபாக்கம் ஏரியும் ஒரு காலத்தில் வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சியவைதான். வயல் மனையாகிவிட்டது. அந்த மனையில் எழும்பிய வீட்டு மாடியில் இன்றைக்கு சோலார் தகடு. நெல் விளைந்த ஊரில் கரண்ட் விளைகிறது. அதில் நமக்கு வருத்தம் கிடையாது. ஆனால் சொந்தமாகக் கரண்ட் தயாரிப்பவர் மின்வாரியத்தின் கம்பியைப் பயன்படுத்தினால் எவ்வளவு கட்ட வேண்டும் என்று ஒரு கணக்கு ஓடிக்கொண்டிருக்கிறது. "அது மில் முதலாளிங்க சமாச்சாரம், நமக்கென்ன?" என்று நாம் இருந்துவிடக் கூடாது. அதற்காகத்தான் இந்தக் கூட்டம்.

வாய்க்கால் கணக்கு

இதைப் புரிந்துகொள்ள பெரிய படிப்பு வேண்டாம். நம் ஏரிப் பாசனம் தெரிந்தால் போதும். ஏரி, மதகு, வாய்க்கால் எல்லாம் ஊருக்குப் பொது. தூர் வார குடிமராமத்துக்கு ஆள் அனுப்புகிறோம். நீர்க்கட்டிக்கு அறுவடையில் நெல் அளக்கிறோம். சொந்தக் கிணறு வெட்டி தன் வயலுக்கே இறைப்பவனிடம் யாரும் வாய்க்கால் பங்கு கேட்பதில்லை. ஆனால் கிணற்றுத் தண்ணீரை ஊர் வாய்க்காலில் விட்டு, அரை மைல் தள்ளி இருக்கும் வயலுக்குக் கொண்டுபோனால் பங்கு கொடுத்துத்தான் ஆகணும். இதுதான் நியாயம்.

கரண்ட் கம்பியும் வாய்க்கால்தான். 2013 டிசம்பர் 31 அன்று ராய்ச்சூர் – சோலாப்பூர் 765 கிலோவோல்ட் லைன் வழியாக நம் தென் மாநிலங்களின் மின்தொகுப்பு நாட்டின் மற்ற பகுதியோடு இணைந்தது. இப்போது நாடு முழுவதும் ஒரே ஏரி, ஒரே வாய்க்கால். இந்த வாய்க்காலைப் பராமரிக்கும் செலவு யார் தலையில் விழுகிறது என்பதுதான் கேள்வி.

இதுவரை நடந்தது

2003 மின்சாரச் சட்டம், தன் உபயோகத்துக்கு மின்சாரம் தயாரிக்க யாருக்கும் உரிமை கொடுத்தது. அதைத் தன் தொழிற்சாலைக்குக் கொண்டுபோக வாரியத்தின் கம்பியையும் கேட்கலாம், அதற்கு வீலிங் கட்டணம் கட்டணும். வாரியத்தை விட்டு வேறொருவரிடம் கரண்ட் வாங்குகிற பெரிய நுகர்வோர் கூடுதல் கட்டணமும் கட்ட வேண்டும். ஏழைக்கும் விவசாயிக்கும் விலை குறைத்துக் கொடுப்பதால் வரும் இழப்பை ஈடுகட்டத்தான் அது. சொந்த உற்பத்தியாளருக்கு மட்டும் அதிலிருந்து விலக்கு. யார் சொந்த உற்பத்தியாளர்? 2005 விதிப்படி, மின் நிலையத்தில் 26 சதவீதப் பங்கு இருந்து, விளைகிற கரண்டில் 51 சதவீதத்தைத் தாங்களே உபயோகித்தால் போதும். பல கம்பெனிகள் கூட்டாகப் பங்கு வாங்கினாலும் செல்லும்.

காற்றாலைகளைப் பாருங்கள். ஆரல்வாய்மொழி, செங்கோட்டை, பாலக்காடு கணவாய்களில் தென்மேற்குப் பருவத்தில் காற்று அடிக்கும். அப்போது உற்பத்தியாகும் கரண்டை வாரியத்தின் கணக்கில் வரவு வைத்து, காற்று இல்லாத மாதத்தில் எடுத்துக்கொண்டார்கள். பேங்கிங் என்று பேர். இதற்கு 2006இல் ஒழுங்குமுறை ஆணையம் 5 சதவீதம் பிடித்தது, 2018இல் அது 14 சதவீதம் ஆனது. ஆடியில் கொடுத்த கரண்டை மாசியில் திருப்பிக் கொடுக்க, அந்த நேரம் வாரியம் வெளியில் விலை கொடுத்து வாங்க வேண்டிவரும். களஞ்சியம் சும்மா நிற்காது, அதற்கும் காவல் கூலி உண்டு.

அடுத்து மாடி சோலார். 2021 அக்டோபரில் ஆணையம் போட்ட உத்தரவில் நெட்வொர்க் கட்டணம் வந்தது. சொந்தக் கூரையில் தயாரித்து, சொந்த மெஷினிலேயே செலவாகும் யூனிட்டுக்கும் கட்டணமா என்று சிறு தொழில் செய்பவர்கள் கொதித்தார்கள். சங்கமாகத் திரண்டு போராடினார்கள். 2023இல் அவர்களுக்கு அதைப் பாதியாகக் குறைப்பதாக மாநில அரசு அறிவித்தது. திரண்டவன் கேட்டான், கிடைத்தது. நாம் இதைக் கவனிக்க வேண்டும். ஸ்பெயின் நாட்டிலும் 2015இல் இப்படிச் சட்டம் போட்டார்கள். மக்கள் அதற்கு "சூரிய வரி" என்று பேர் வைத்து எதிர்த்தார்கள். 2018இல் அரசாங்கமே அதை எடுத்துவிட்டது.

நமக்கு எங்கே இடிக்கிறது?

இரண்டு பக்கமும் இடிக்கிறது. அதனால்தான் கண்ணை மூடிக்கொண்டு "கட்டணமே கூடாது" என்றும் சொல்ல முடியாது, "எல்லோரிடமும் வாங்கு" என்றும் சொல்ல முடியாது.

ஒரு பக்கம்: பெரிய ஆலைகள் ஒவ்வொன்றாகச் சொந்தக் கரண்டுக்குப் போய், கம்பிக்குரிய பங்கையும் கொடுக்காவிட்டால், கம்பத்துச் செலவும் டிரான்ஸ்பார்மர் செலவும் மிச்சம் இருப்பவர்கள் மீது விழும். வாரியத்தின் நஷ்டம் ஏறும். நஷ்டம் ஏறினால் முதலில் கை வைப்பது எங்கே? நம் பம்பு செட்டில்தான். "மீட்டர் போடு, பணமாக மானியம் கொடு" என்ற பேச்சு அங்கேதான் கிளம்புகிறது.

இலவச மின்சாரம் யாரும் போட்ட பிச்சை அல்ல. மின்கட்டண உயர்வை எதிர்த்து 1970இல் பெருமாநல்லூரில் துப்பாக்கிச் சூட்டில் விவசாயிகள் செத்தார்கள். 1972இல் கோவையை மாட்டு வண்டிகளால் நிறைத்தார்கள், அந்த ஆண்டும் ரத்தம் சிந்தினார்கள். அதற்குப் பிறகுதான் 1984இல் சிறு விவசாயிக்கும், 1990 வாக்கில் எல்லா விவசாயிக்கும் இலவசம் வந்தது. நம் கரண்டுக்கு வாரியத்துக்கு அரசு மானியம் கட்டுகிறது. அதை முன்கூட்டியே கட்டணும் என்று சட்டத்தின் 65ஆம் பிரிவு சொல்கிறது. ஆக, ஓசி என்று எவன் சொன்னாலும் இதை எடுத்துக் காட்டுங்கள்.

மறு பக்கம்: 2019இல் தொடங்கிய பிரதமரின் குசும் திட்டத்தில், பம்பு செட்டுக்கு சோலார் போட்டு மீதிக் கரண்டை வாரியத்துக்கு விற்கலாம் என்கிறார்கள். தரிசில் சிறு மின் நிலையமும் அமைக்கலாம் என்கிறார்கள். அப்போது நாமும் சொந்த உற்பத்தியாளர்தான். 5 எச்.பி. மோட்டார் மணிக்கு நாலு யூனிட்டுக்குக் கொஞ்சம் குறைவாக இழுக்கும். ஆறு மணி நேரம் ஓடினால் 22 யூனிட். ஒரு பேச்சுக்கு யூனிட்டுக்கு ஒரு ரூபாய் கம்பிக் கட்டணம் என்று வையுங்கள். தன் கிணற்றில், தன் வெயிலில், தன் பயிருக்கு இறைத்தவன் நாளைக்கு 22 ரூபாய் தண்டம் அழணும். இது எந்த ஊர் நியாயம்?

கோபுரத்துக்கு வாடகை எங்கே?

இன்னொன்று. கம்பிக்குக் கட்டணம் போடுகிறார்களே, அந்தக் கம்பி எதன் மேல் போகிறது? நம் வயல் மேல்! சத்தீஸ்கர் ராய்கரிலிருந்து புகளூருக்கு வந்த 800 கிலோவோல்ட் லைனுக்காக 2018இல் மேற்கு மாவட்ட விவசாயிகள் உண்ணாவிரதம் இருந்தார்கள். கோபுரம் நிறுத்த 1885ஆம் வருடத்துத் தந்திச் சட்டத்தைக் காட்டினார்கள். 2024 ஜூனில் மத்திய மின் அமைச்சகம் கோபுரம் நிற்கும் இடத்துக்கு நில மதிப்பில் 200 சதவீதம், கம்பி போகும் பாதைக்கு 30 சதவீதம் என்று வழிகாட்டுதல் கொடுத்தது. போராட்டத்தின் பலன்தான் அது. ஆனாலும் ஒரு தடவை கொடுத்தால் முடிந்ததா? கம்பியை வைத்து மாதாமாதம் வசூல் நடக்கும்போது, நிலத்துக்காரனுக்கு மட்டும் ஒரே முறைதானா?

நமது கோரிக்கைகள்

1. சொந்த நிலத்தில் தயாரித்து அங்கேயே செலவழிக்கும் கரண்டுக்குக் கட்டணம் கூடாது. கம்பியில் ஏறும், கம்பியிலிருந்து இறங்கும் யூனிட்டுக்கு மட்டுமே கணக்கு.

2. சிறு, குறு விவசாயியின் சோலார் பம்பு செட்டுக்கு முழு விலக்கு.

3. பெரிய ஆலைகளும், பங்கு வாங்கிச் சொந்த உற்பத்தியாளர் ஆன கம்பெனிகளும் கம்பிக்கும் பேங்கிங்குக்கும் ஆகிற உண்மைச் செலவைக் கட்டணும்.

4. அந்த வசூலில் ஒரு பங்கு, கோபுரமும் உயர்மின் கம்பியும் போகும் நிலத்துக்காரருக்கு ஆண்டு வாடகையாக வரணும்.

5. இலவச மின்சாரத்தில் கை வைக்கக் கூடாது.

அன்பார்ந்தவர்களே! கட்டணம் திருத்தும்போது மக்கள் கருத்தை ஆணையம் கேட்டாக வேண்டும், அது சட்டம். அந்தக் கூட்டத்துக்கு மில்காரர் வக்கீலோடு, கணக்குப் பிள்ளையோடு போகிறார். நம் நாற்காலி காலியாகக் கிடக்கிறது. இனி அப்படி இருக்கக் கூடாது. ஒவ்வொரு ஊர்க் கிளையும் தமிழிலேயே மனு எழுதி, கையெழுத்து வாங்கி, சங்கத்தில் சேருங்கள். சர்வீஸ் நம்பரும் எச்.பி.யும் எழுதுங்கள். கோபுரம் நிற்கும் நிலமானால் சர்வே எண்ணும் போடுங்கள். விசாரணைத் தேதி வந்ததும் ஊருக்குப் பத்துப் பேர் கிளம்பணும்.

வாய்க்கால் பொது என்றால் பங்கும் நியாயமாக இருக்கட்டும்!
உழவர் ஒற்றுமை ஓங்குக!