வீட்டு வெப்பமும் நீரின் அமுக்கமும்

மார்கழி, தை மாதங்களில் இங்கிலாந்தின் வீதிகளிலே உறைபனி படர்ந்திருக்கும். வீட்டினுள்ளோ மக்கள் குளிரறியாது உறங்குவர். சுவரிற் பொருத்திய கொதிகலன் எரிவாயுவினால் நீரைச் சூடாக்குகின்றது. அந்நீர் குழாய்வழியே அறைதோறும் சென்று, றேடியேற்றர் எனப்படும் உருக்குத் தகடுகளுக்கு வெப்பத்தை ஈந்து, மீண்டும் கொதிகலனை அடைகின்றது. இலங்கையிலிருந்து சென்று இலண்டனிற் குடியேறிய குடும்பங்கள் பலவற்றுக்கும் இதுவே குளிர்காலத் துணை.

இந்நீர் மூடிய குழாய்களுள்ளே ஓரளவு அமுக்கத்துடன் நிற்றல் வேண்டும். கொதிகலனிலுள்ள அமுக்கமானியின் முள், நீர் குளிர்ந்திருக்கும்போது 1 முதல் 1.5 பார் வரை காட்டுவது பொது வழக்கம். அமுக்கம் மிகவும் குறைந்தால் இக்காலக் கொதிகலன்கள் பல தாமே நின்றுவிடும். குழந்தையும் முதியோரும் உள்ள வீட்டிலே, பனிக்கால விடியற்பொழுதில் இவ்வாறு நேர்ந்தால் உண்டாகும் இடர் சிறிதன்று.

அத்தகைய வீடொன்றைக் கருதுக. முள் தாழ்ந்தவுடன் வீட்டுக்காரர் நிரப்புகுழாயின் வால்வைத் திறந்து புதுநீர் விடுகின்றார், முள் ஏறுகின்றது, வீடும் சூடாகின்றது. மறுவாரமும் அதே குறை, அதே பரிகாரம். காய்ச்சலின் காரணத்தை ஆராயாது நெற்றிக்கு ஈரத்துணி இடுவது போன்றதே இச்செயல். மேலும், புதுநீரிலே கரைந்துள்ள ஒட்சிசன் றேடியேற்றரின் உருக்கை உட்புறமாக அரிக்கும். அரிப்பினால் உண்டாகும் கருஞ்சேறு குழாய்களை அடைக்கும். ஆகவே, அடிக்கடி நீர் நிரப்புதல் நோயை மறைப்பதுடன் வளர்க்கவுஞ் செய்யும்.

நோயை அறியும் வழி எளிது. நீர் குளிர்ந்திருக்கும்போதும் நன்கு சூடேறியபோதும் முள் காட்டும் அளவைச் சில நாட்களுக்குக் குறித்துவரல் வேண்டும். றேடியேற்றரிலிருந்து காற்றை வெளியேற்றியபின் ஒருமுறை மட்டும் முள் தாழ்ந்தால் அது பழுதன்று. சூடேறும்போது முள் அளவோடு உயர்ந்து, நாளுக்கு நாள் படிப்படியாகத் தாழ்ந்துவந்தால், எங்கோ நீர் கசிகின்றது என்று ஐயுறலாம். றேடியேற்றர் வால்வுகளின் அடியிலும் குழாய்ப் பொருத்துகளிலும் ஈரமோ பச்சைக் கறையோ உண்டா எனப் பார்த்தல் வேண்டும். சூடான குழாயிற் கசியும் நீர் உடனே ஆவியாகிவிடுமாதலின், தரை உலர்ந்திருப்பது மட்டும் போதிய சான்றாகாது.

சூடேறும்போது முள் 3 பாரை நெருங்கி, ஆறியபின் சுழியை நோக்கித் தாழ்ந்தால் காரணம் பெரும்பாலும் வேறு. 100 லீற்றர் நீர் 10 பாகை செல்சியசிலிருந்து 80 பாகைவரை சூடாகும்போது ஏறக்குறைய 3 லீற்றர் பெருகும். அப்பெருக்கத்துக்கு இடமளிப்பது விரிவுக் கலம். அதனுள் இறப்பர்த் திரை ஒன்றின் ஒருபுறம் நீரும் மறுபுறம் காற்றோ நைதரசனோ இருக்கும். வாயு குறைந்தாலும் திரை கிழிந்தாலும் பெருகிய நீருக்கு இடமின்றி அமுக்கம் ஏறும். 3 பாரளவில் பாதுகாப்பு வால்வு திறந்து நீரை வெளிச்சுவர்க் குழாய்வழியே கக்கும். அக்குழாயின் வாயில் ஒரு பொலித்தீன் பையைத் தளர்வாகக் கட்டிவைத்தால் உண்மை வெளிப்படும். கலத்திலுள்ள வால்வு துவிச்சக்கரவண்டிச் சில்லின் வால்வை ஒத்தது. தொழிலாளர் அதனை அழுத்தும்போது காற்றுக்குப் பதிலாக நீர் வந்தால், திரை கிழிந்ததென்பது தெளிவு.

இரண்டும் புலப்படாவிடின், கொதிகலனைக் குழாய்களோடு இணைக்கும் வால்வுகளை, அதனை நிறுத்தி ஆறவிட்டபின், தொழிலாளர் ஓரிரவு மூடிவைப்பர். கொதிகலன்பக்க மானியின் முள் அப்போதும் தாழ்ந்தால் பழுது கொதிகலனுள்ளே. நிலைத்து நின்றால், கசிவைக் குழாய்களில் தேடுவர். எரிவாயுக் கொதிகலனின் உள்ளுறுப்புகளை வீட்டார் தொடுதல் ஆகாது. 2009 ஆம் ஆண்டு முதல் பெரிய பிரித்தானியாவில் இப்பணிக்குரியோர் 'காஸ் சேஃப்' பதிவேட்டில் இடம்பெற்றிருத்தல் வேண்டுமென்பது விதி.

எனினும், பழுதுபார்க்க வருபவரிடம் "அமுக்கம் குறைகின்றது" என்று மட்டும் கூறுவதிலும், குளிரில் இவ்வளவு, சூட்டில் இவ்வளவு எனக் குறித்த தாளைக் கொடுப்பது மேலானது. அவரது தேடல் பாதியாகக் குறையும், வீண்செலவும் தவிரும். முள்ளை உயர்த்துவது ஒரு கணத்து வேலை. அது ஏன் தாழ்ந்தது என்று அறிவதே வீட்டைக் காக்கும் வேலை.