தலைக்கவசத்தோடு போன தெரு



புதுச்சேரியில் மிஷன் வீதி சம்பா கோவிலிலிருந்து கிளம்பினால் பெரிய மார்க்கெட், பாரதி பூங்கா, கடற்கரை எல்லாம் நடந்தே போய்விடலாம். நேர் நேரான தெருக்கள், வழி தவறாது. மாலையானதும் கடற்கரைச் சாலையில் வண்டிகளை விடமாட்டார்கள். பிள்ளைகள் சாலை நடுவிலேயே ஓடுவார்கள். காந்தி சிலை பக்கம் பெரியவர்கள் காற்று வாங்குவார்கள்.

அந்தப் பகுதியில் சில காலம் தங்கியிருந்தேன். தினமும் நடைதான். பிறகு ஒரு ஸ்கூட்டர் கிடைத்தது. 10 நிமிட வழி 3 நிமிடமானது. சந்தோஷம்தான், மறைக்கவில்லை.

ஒரு நாள் வண்டி பழுது. நடந்து போனேன். பூ விற்கும் அம்மா நிறுத்தினார்: "என்ன சாமி, எங்க மேல கோபமா?" அவருடைய கணவர் இறந்து இரண்டு வாரம் ஆகியிருந்தது. அந்த இரண்டு வாரமும் அவர் கடையைத் தாண்டித்தான் போயிருக்கிறேன், தலைக்கவசத்தோடு.

எம்மாவு சீடர்கள் இருவர் நடந்த தூரம் ஏறத்தாழ 11 கிலோமீட்டர். வழியில் வந்து சேர்ந்துகொண்டவரிடம் மனதில் இருந்த துக்கத்தையெல்லாம் கொட்ட அவர்களுக்கு நேரம் இருந்தது.

முழங்கால் வலிக்காரர்களை நான் நடக்கச் சொல்லவில்லை. ஆனால் கோவில் வாசலில் வண்டி நிறுத்த இடமில்லை என்று அடிக்கடி புகார் வருகிறது. சொல்பவர்களில் பாதிப்பேர் அடுத்த தெருக்காரர்கள்!

வண்டி சரியாகி வந்துவிட்டது. மார்க்கெட்டுக்கு மட்டும் நடந்துதான் போகிறேன். வெயிலுக்குக் குடை இருக்கிறது. அந்த அம்மா தூரத்திலிருந்தே குடையை அடையாளம் கண்டுகொள்கிறார்.